சிமெண்டில் நீர் சேர்த்த பின் முதல் சில மணி நேரம் வினை ஏன் ஓய்ந்துவிடுகிறது?

வேதியியல் வகுப்பறை (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். மேல்நிலை வகுப்புகளுக்கு வேதியியல் கற்பித்து வருகிறேன். வேதிவினைவேகவியல் பாடத்துக்கு மாணவர்கள் அன்றாடம் பார்க்கும் ஒரு வினையை எடுத்துக்காட்டாகச் சொல்ல விரும்பி, சிமெண்ட் நீருடன் வினைபுரிவதைத் தேர்ந்தெடுத்தேன். படிக்கப் படிக்க, பாடத்தில் ஓரிரு வரிகளில் கடந்துபோகும் இந்தச் செய்தி அவ்வளவு எளிதானதன்று என்று தெரிகிறது.

எனக்கு விளங்காத இடம் இதுதான். சிமெண்டும் நீரும் கலக்கும்போது வெளிப்படும் வெப்பத்தைக் கலோரிமீட்டரில் அளந்து வரைந்த படங்களில், கலந்த சில நிமிடங்களுக்குள் கூர்மையான ஓர் ஏற்றம் காணப்படுகிறது. பிறகு வெப்பம் வெளிப்படுவது ஏறக்குறைய நின்றுபோய், இரண்டு மூன்று மணி நேரம் கழித்து மீண்டும் எழுந்து, பத்து மணி நேரத்தை ஒட்டி உச்சத்தை அடைந்து, பின்னர் பல நாட்களுக்கு மெல்ல மெல்லத் தணிகிறது. வினைபடு பொருள்களின் செறிவு மிகுந்திருக்கும் தொடக்கத்தில் வேகம் மிகுதியாகவும், அவை குறையக் குறைய வேகமும் குறைவாகவும் இருக்கும் என்றுதான் வகுப்பில் சொல்கிறோம். இங்கோ சிமெண்டும் தீரவில்லை, நீரும் தீரவில்லை. அப்படியிருக்க, வினை ஏன் ஓய்கிறது? எவரும் தூண்டாமலேயே மீண்டும் ஏன் தொடங்குகிறது? சிமெண்டில் ஜிப்சம் (கால்சியம் சல்ஃபேட் கனிமம்) சேர்ப்பதால் உண்டாகும் தாமதம் இதுதான் என்று எண்ணியிருந்தேன்; அது சரியா?

இன்னொன்றும் கேட்க வேண்டும். ஈரம் உலர்வதால்தான் சிமெண்ட் இறுகுகிறது என்று மாணவர்கள் பலர் உறுதியாக நம்புகிறார்கள். அதை மாற்றும் வகையில் பள்ளி ஆய்வகத்தில் செய்து காட்டக்கூடிய சோதனை ஏதேனும் உண்டா?

சுண்ணாம்புப்பாறை:

வணக்கம் அம்மா. சிமெண்ட் ஆலையின் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் பணியாற்றியவன் என்ற முறையில், கனிமங்களின் பக்கமிருந்து தொடங்குகிறேன்.

உலர்தலுக்கும் இறுகுதலுக்கும் தொடர்பில்லை என்பதற்குச் சிமெண்டின் வரலாறே சான்று. இங்கிலாந்தின் எடிஸ்டோன் கலங்கரை விளக்கத்தைக் கட்ட வந்த ஜான் ஸ்மீட்டன், கடலலை அடிக்கும் பாறையின் மேல் இறுகக்கூடிய சாந்தைத் தேடி 1756-இல் பல வகைச் சுண்ணாம்புகளைச் சோதித்தார். களிமண் கலந்த சுண்ணாம்புக்கல்லைச் சுட்டுப் பெற்ற சுண்ணாம்பே நீருக்குள்ளும் இறுகுகிறது என்பது அவர் கண்ட உண்மை. அந்தக் களிமண்ணிலிருந்து வரும் சிலிக்காவும் அலுமினாவும் சுண்ணாம்புடன் சேர்ந்து உருவாக்கும் கனிமங்களே பிற்காலச் சிமெண்டுக்கும் அடிப்படை. 1824-இல் ஜோசப் ஆஸ்ப்டின் காப்புரிமை பெற்ற போர்ட்லண்ட் சிமெண்டின் வழித்தோன்றலைத்தான் இன்று அரியலூர் வட்டாரத்துச் சுண்ணாம்புக்கல்லைக் கொண்டும் தயாரிக்கிறோம்.

ஏறத்தாழ 1450 பாகை செல்சியஸில் சூளையில் உருவாகும் கிளிங்கர் உருண்டைகளை அரைத்தே சிமெண்ட் ஆக்குகிறோம்; அவற்றில் நான்கு கனிமங்கள் முதன்மையானவை. டிரைகால்சியம் சிலிக்கேட்டாகிய ஆலைட் 50 முதல் 70 விழுக்காடு வரையிலும், டைகால்சியம் சிலிக்கேட்டாகிய பீலைட் 15 முதல் 30 விழுக்காடு வரையிலும் இருக்கும். எஞ்சியதில் பெரும்பகுதி டிரைகால்சியம் அலுமினேட்டும் இரும்பு கலந்த ஃபெரைட்டும் ஆகும். இவற்றுள் ஒவ்வொன்றும் நீருடன் தனக்கே உரிய வேகத்தில் வினைபுரிகிறது. ஒரு சாதாரண போர்ட்லண்ட் சிமெண்டில் ஆலைட்டின் 70 விழுக்காடு 28 நாட்களுக்குள் வினைபுரிந்துவிடும்; பீலைட்டிலோ அதே காலத்தில் 30 விழுக்காடுதான் வினைபுரிந்திருக்கும். இரண்டும் கால்சியம் சிலிக்கேட்டுகளாக இருந்தும் இவ்வளவு வேறுபாடு ஏன் என்று மாணவர்கள் கேட்டால், படிக அமைப்பைக் காட்டுங்கள். பீலைட்டில் ஆக்சிஜன் அனைத்தும் சிலிக்கனோடு பிணைந்திருக்கிறது. ஆலைட்டிலோ அதற்கு மேலும், கால்சியத்தை மட்டுமே சூழ்ந்திருக்கும் தனி ஆக்சைடு அயனி ஒன்று உண்டு. நீர் எளிதில் தாக்குவது அதைத்தான்.

ஆலைட் நீரில் கரைந்து இரண்டு விளைபொருள்களைத் தருகிறது. ஒன்று கால்சியம் ஹைட்ராக்சைடு; படிகமாக இருக்கும்போது போர்ட்லண்டைட் என்பார்கள். மற்றொன்று கால்சியம் சிலிக்கேட் ஹைட்ரேட். சுருக்கமாகச் சி-எஸ்-ஹெச் என்று அழைக்கப்படும் இதுவே வலிமைக்குக் காரணம். ஆலைட்டில் ஒரு சிலிக்கனுக்கு மூன்று கால்சியம் உள்ளது. சி-எஸ்-ஹெச்சில் ஒரு சிலிக்கனுக்கு ஏறத்தாழ 1.7 கால்சியமே இடம்பெறுகிறது. மிஞ்சிய கால்சியம் போர்ட்லண்டைட்டாகப் படிகிறது. கான்கிரீட்டின் உள்நீரை பி.ஹெச். 12.5-க்கு மேல் வைத்திருந்து கம்பியைத் துருவிலிருந்து காப்பதும் இந்தக் காரத்தன்மையே.

இனி ஜிப்சம். நீங்கள் குறிப்பிட்ட மணிக்கணக்கான ஓய்வுக்கு ஜிப்சம் காரணமன்று. அலுமினேட்டோ ஜிப்சமோ சிறிதும் இல்லாத தூய ஆலைட்டை நீரில் கலந்தாலும் அதே ஓய்வைக் காணலாம். ஜிப்சம் கட்டுப்படுத்துவது அலுமினேட்டை. கிளிங்கரை ஜிப்சமின்றித் தனியே அரைத்து நீர் ஊற்றினால், அலுமினேட் சில நிமிடங்களுக்குள் பெரும் வெப்பத்தோடு வினைபுரிந்து, கலவையைக் கையாளவே முடியாதபடி இறுக்கிவிடும். அப்படி இறுகியது பிறகு நல்ல வலிமையும் பெறாது. மூன்று முதல் ஐந்து விழுக்காடு ஜிப்சம் சேர்த்தால், அதன் சல்ஃபேட் அலுமினேட்டோடு கூடி எட்ரிங்கைட் என்னும் ஊசிப் படிகங்களை உருவாக்குகிறது. ஜெர்மனியின் எட்ரிங்கன் என்ற ஊரின் பெயர் பெற்ற இந்தக் கனிமத்தின் வாய்பாட்டில் ஆறு கால்சியத்துக்கு 32 நீர் மூலக்கூறுகள் இடம்பெறுகின்றன.

ஆலையில் நாங்கள் கவனிக்கும் இன்னொரு செய்தியும் உண்டு. அரைக்கும் ஆலைக்குள் வெப்பம் மிகுந்தால் ஜிப்சம் தன் நீரில் ஒரு பகுதியை இழந்து பாரிஸ் சாந்தாக மாறிவிடும். அத்தகைய சிமெண்டில் நீர் சேர்த்ததும் அந்தப் பாரிஸ் சாந்து மட்டும் மீண்டும் ஜிப்சமாகிக் கலவையை விறைக்கச் செய்யும். இது பொய்யான இறுக்கம். நீர் சேர்க்காமல் மீண்டும் நன்றாகக் கலந்தாலே இளகிவிடும். அலுமினேட்டால் வரும் உண்மையான திடீர் இறுக்கம் எவ்வளவு கலந்தாலும் இளகாது.

ஆலைட்டின் ஓய்வுக் காலத்தைப் பொறுத்தவரை, துகள்களைச் சுற்றி உருவாகும் மெல்லிய ஹைட்ரேட் படலம் நீரை உள்ளே விடாமல் தடுக்கிறது என்றும், அப்படலம் உடையும்போது வினை மீண்டும் தொடங்குகிறது என்றுமே நாங்கள் கற்றோம்.

நுண்ணோக்கி:

மேலே உள்ள பதிலில் கனிமங்களைப் பற்றியும் ஜிப்சத்தைப் பற்றியும் சொல்லப்பட்டவற்றை முழுமையாக ஏற்கிறேன். படலம் பற்றிய இறுதிப் பத்தியில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. அந்த விளக்கம் நூல்களில் நெடுங்காலம் நிலைபெற்றிருந்தது உண்மை. இன்றும் அதை ஆதரிப்போர் உள்ளனர். ஆனால் கடந்த சில பத்தாண்டுகளின் ஆய்வுகள் வேறொரு விளக்கத்தின் பக்கம் சாய்கின்றன. ஓர் ஆசிரியருக்கு அந்த விளக்கமே மிகவும் பயன்படும் என்பது என் கருத்து, ஏனெனில் அது மாணவர்கள் ஏற்கெனவே அறிந்த கரைதிறனையும் சமநிலையையும் கொண்டே எல்லாவற்றையும் விளக்குகிறது.

உங்கள் குழப்பத்தின் வேர், இதை ஒற்றை வினையாகக் கருதுவதில் இருக்கிறது. உண்மையில் இரண்டு நிகழ்வுகள் அடுத்தடுத்துப் பிணைந்துள்ளன: ஆலைட் கரைந்து அயனிகளாவது முதலாவது, அந்த அயனிகள் கூடிச் சி-எஸ்-ஹெச்சாகவும் போர்ட்லண்டைட்டாகவும் படிவது இரண்டாவது. இதை முதலில் தெளிவாகச் சொன்னவர் ஹென்றி லீ சாட்லியர். சமநிலைப் பாடத்தில் மாணவர்கள் படிக்கும் அதே லீ சாட்லியர்தான். 1887-இல் அவர் அளித்த முனைவர் பட்ட ஆய்வேடு, நீரில் இறுகும் சாந்துகளைப் பற்றியது. வகுப்பில் இதைச் சொன்னால் இரண்டு பாடங்களும் ஒன்றோடொன்று இணையும்.

தூய நீரில் ஆலைட் விழும் கணத்தில் கரைசல் சமநிலையிலிருந்து வெகு தொலைவில் உள்ளது. அப்போது படிகப் பரப்பில் குறைபாடுள்ள இடங்களிலெல்லாம் அரிப்புக் குழிகள் திறந்து, கரைதல் மிக விரைவாக நடக்கிறது. நீங்கள் படத்தில் கண்ட முதல் ஏற்றத்தில் இதற்குப் பெரும்பங்கு உண்டு. கலவையில் நீர் மிகக் குறைவாகவே இருப்பதால், சில நிமிடங்களுக்குள் கால்சியம், ஹைட்ராக்சைடு, சிலிக்கேட் அயனிகளின் செறிவு உயர்ந்துவிடுகிறது. செறிவு உயர உயரப் புதிய குழிகள் திறப்பதற்கான உந்துவிசை குறைகிறது. ஏற்கெனவே உள்ள படிக்கட்டு விளிம்புகள் மட்டும் மெல்லப் பின்வாங்குகின்றன. தடுப்புச் சுவர் எதுவும் இல்லாமலேயே கரைதலின் வேகம் பன்மடங்கு வீழ்ந்துவிடுகிறது. ஆகவே தொடக்கத்தில் வினை ஓய்வதற்குக் காரணம் வினைபடு பொருளின் குறைவு அன்று. கரைசலில் விளைபொருள் அயனிகளின் மிகுதியே.

அப்படியானால் அந்த அயனிகள் உடனே ஏன் திண்மமாகப் படிவதில்லை? புதிய திண்மம் தோன்றப் படிகக்கரு வேண்டும். கருக்கள் மிகச் சிறியனவாக இருக்கும்போது அவற்றின் மொத்தப் பரப்பும் மிகக் குறைவு. சி-எஸ்-ஹெச் முதல் நிமிடங்களிலேயே துகள்களின் மேல் ஆங்காங்கே தோன்றிவிட்டாலும், அது வளரக்கூடிய பரப்பு போதுமான அளவுக்குப் பெருகும் வரை அயனிகளைப் பெரிதாக உள்வாங்க முடிவதில்லை. வளர்ந்த பகுதியே மேலும் வளர்வதற்கு இடமாக அமைவதால், வேகம் தன்னைத்தானே பெருக்கிக்கொள்கிறது. கரைசலில் கால்சியம் ஹைட்ராக்சைடும் அதி தெவிட்டிய நிலையை அடைந்து போர்ட்லண்டைட்டாகப் படியத் தொடங்கியதும், கால்சியத்தின் செறிவு சரிந்து, ஆலைட் மீண்டும் விரைந்து கரைகிறது. எவரும் தூண்டாமலேயே வினை எழுவதன் காரணம் இதுதான்.

இதற்கான சான்றுகள் எளிமையானவை. ஆலைட்டைத் தூய நீருக்குப் பதிலாகத் தெளிந்த தெவிட்டிய சுண்ணாம்பு நீரில் இட்டால், தொடக்க ஏற்றம் பெரிதும் அடங்கிவிடுகிறது. படலம் உருவாக நேரமே இல்லாத அந்த முதல் கணத்திலேயே கரைதல் மெதுவாக இருக்கிறது. ஆலைட்டை மீண்டும் சூடாக்கி மெல்லக் குளிரவைத்து அதன் படிகக் குறைபாடுகளைக் குறைத்தால், ஓய்வுக் காலம் நீள்கிறது. தயாரித்து வைத்த சி-எஸ்-ஹெச் நுண்துகள்களைக் கலவையில் சேர்த்தால், கற்கண்டு விளைவிக்கப் பாகில் நூல் கட்டித் தொங்கவிடுவதைப்போல, வளர்ச்சிக்கான பரப்பு முன்கூட்டியே கிடைத்துவிடுவதால் ஓய்வுக் காலம் வெகுவாகக் குறைகிறது. இந்த மூன்றையும் படலக் கொள்கையைக் கொண்டு விளக்குவது கடினம்.

அலுமினேட்டை ஜிப்சம் கட்டுப்படுத்துவதிலும் இதே திருத்தம் தேவைப்படுகிறது. எட்ரிங்கைட் ஊசிகள் துகளைப் போர்த்திக் காக்கின்றன என்பது பழைய கருத்து. ஊசிகளுக்கிடையே தாராளமாக இடைவெளி இருப்பதால் அது நம்பத்தக்கதாக இல்லை. கரைசலில் உள்ள கால்சியமும் சல்ஃபேட்டும் அலுமினேட்டின் கரையும் முனைகளில் பரப்புக் கவரப்பட்டு அவற்றை முடக்குகின்றன என்பதையே இன்றைய சான்றுகள் ஆதரிக்கின்றன. சல்ஃபேட் தீர்ந்ததும் அலுமினேட் மீண்டும் விழித்துக்கொள்வதும், வெப்ப வரைபடத்தில் முதன்மை உச்சத்துக்குப் பின் ஒரு சிறு தோள் தெரிவதும் அதனால்தான்.

தளமேற்பார்வை:

இந்த விளக்கங்களைப் படித்ததும் ஒரு கட்டுமானப் பொறியாளனாக எழுதாமல் இருக்க முடியவில்லை. பணித்தளத்தில் நாங்கள் வலியுறுத்தும் விதிகள் அனைத்தும் இந்த வினையிலிருந்தே பிறக்கின்றன. காரணத்தைச் சொல்லாமல் விதியை மட்டும் சொல்வதால்தான் அவை பின்பற்றப்படுவதில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

கலவை தயாரித்து, சுமந்து, கொட்டி, தட்டிச் சமன் செய்வது எல்லாம் அந்த ஓய்வுக் காலத்துக்குள் முடிந்தாக வேண்டும். அதன்பின் துகள்களுக்கிடையே சி-எஸ்-ஹெச் பாலங்கள் உருவாகத் தொடங்கிவிடும். காலையில் போட்ட கலவை பிற்பகலில் விறைத்துவிட்டது என்று மீண்டும் நீர் ஊற்றிக் குழைத்தால், உருவாகிய பாலங்களையும் உடைத்து, துகள்களுக்கு இடையிலான தூரத்தையும் கூட்டிவிடுகிறோம். கத்திரி வெயிலில் இந்தக் காலம் இன்னும் சுருங்கும். வினையின் கிளர்வுறு ஆற்றல் ஏறத்தாழ மோலுக்கு 40 கிலோஜூல் என்று கொண்டு, ஆசிரியர் அவர்கள் அர்ரீனியஸ் சமன்பாட்டில் இட்டுப் பார்க்கலாம். வெப்பநிலை 20 பாகையிலிருந்து 30 பாகைக்கு உயர்ந்தால் வேகம் 1.7 மடங்காகிறது.

நீரின் அளவு பற்றியும் சொல்ல வேண்டும். சிகாகோவில் போர்ட்லண்ட் சிமெண்ட் சங்கத்தின் ஆய்வகத்தில் 1940-களில் டி. சி. பவர்ஸ் செய்த அளவீடுகளின்படி, ஒரு கிராம் சிமெண்ட் முழுமையாக வினைபுரியும்போது 0.23 கிராம் நீர் வேதிமுறையில் பிணைகிறது, மேலும் 0.19 கிராம் நீர் சி-எஸ்-ஹெச் களியின் நுண்துளைகளுக்குள் சிக்கிக்கொள்கிறது. நம் 50 கிலோ மூட்டைக்குக் கணக்கிட்டால் முறையே 11.5 லிட்டரும் 9.5 லிட்டரும், மொத்தம் 21 லிட்டரும் ஆகும். மூட்டைக்கு 35 லிட்டர் ஊற்றிக் கலந்தால் 14 லிட்டருக்கு வினையில் வேலையே இல்லை. அந்த நீர் இருந்த இடமெல்லாம் பின்னர் துளைகளாகவே நிற்கும். அவற்றின் வழியே நீரும் உப்பும் கம்பியைத் தேடிச் செல்லும்.

பவர்ஸும் உடன் பணியாற்றியோரும் 1959-இல் வெளியிட்ட இன்னொரு முடிவை ஒவ்வொரு வீடு கட்டுபவரும் அறிந்திருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். தொடர்ந்து ஈரமாக வைத்திருந்தால், வளரும் களி இந்தத் துளைகளை இடையிடையே அடைத்து, ஒன்றோடொன்று இணைப்பற்றவையாக ஆக்கிவிடும். நீர்-சிமெண்ட் விகிதம் 0.45 எனில் இதற்கு ஏழு நாட்கள் போதும், 0.50 எனில் 14 நாட்கள், 0.60 எனில் ஆறு மாதங்கள், 0.70 எனில் ஓராண்டு. அதற்கு மேல் நீர் கூடினால், எத்தனை ஆண்டுகள் நனைத்தாலும் துளைகள் அடைபடுவதில்லை. தளத்தில் பாத்தி கட்டி நீர் தேக்குவது ஏன், கலக்கும்போது நீரைக் குறைக்கச் சொல்வது ஏன் என்ற இரண்டு கேள்விகளுக்கும் இதுவே விடை. கலவைக்குள் கூடுதலாக ஊற்றும் நீர் துளையை உண்டாக்குகிறது. இறுகிய பின் மேலே தேக்கும் நீர் துளையை அடைக்கிறது. உள்ளிருக்கும் ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்குக் கீழே சென்றால் வினை ஏறக்குறைய நின்றுவிடுகிறது. ஆகவே உலர்வது இறுகுதலுக்கு உதவுவதில்லை, அதை நிறுத்துகிறது.

கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை 456, சாதாரண போர்ட்லண்ட் சிமெண்டுக்குக் குறைந்தது ஏழு நாட்களும், உலை சாம்பல் போன்றவை கலந்த சிமெண்டுக்குக் குறைந்தது பத்து நாட்களும் நீராற்ற, அதாவது ஈரமாக வைத்திருக்கக் கோருகிறது. சாம்பலிலுள்ள சிலிக்கா, ஆலைட் வெளியிட்ட கால்சியம் ஹைட்ராக்சைடோடு கூடியே சி-எஸ்-ஹெச்சாக வேண்டியிருப்பதால், அது இரண்டாவதாகவும் மெதுவாகவும் நடக்கும் வினை. இப்போது கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது இப்படிச் சாம்பல் கலந்த பி.பி.சி. (போர்ட்லண்ட் போசலானா சிமெண்ட்) வகைதான். அதை வாங்கிவிட்டு மூன்றே நாட்கள் நனைத்துவிட்டு நிறுத்துவது, விலை கொடுத்து வாங்கிய வலிமையைக் கைவிடுவதாகும்.

பழஞ்சாந்து:

தொடர்புடைய ஓர் ஐயம். பழைய வீடுகளின் சுண்ணாம்புச் சாந்தில் கடுக்காய் ஊறிய நீரும் பனைவெல்லமும் சேர்த்தார்கள். அவ்வாறே சிமெண்ட் கலவையிலும் வெல்லநீர் சேர்த்தால் வலிமை கூடும் என்று எங்கள் ஊரில் ஒருவர் சொல்கிறார். செய்யலாமா?

நுண்ணோக்கி:

தயவுசெய்து செய்ய வேண்டாம். சுண்ணாம்புச் சாந்து காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடை ஏற்று மாதக்கணக்கில் கால்சியம் கார்பனேட்டாக மாறுகிறது. சர்க்கரை அங்கே சுண்ணாம்பின் கரைதிறனைக் கூட்டுகிறது. அந்த முறை அதற்குரிய இடத்தில் அறிவார்ந்தது. சிமெண்டில் நடப்பதோ முற்றிலும் வேறான வினை. சிமெண்டின் எடையில் 0.05 விழுக்காடு சர்க்கரை, அதாவது ஒரு மூட்டைக்கு 25 கிராம் சேர்ந்தாலே இறுகுதல் பல மணி நேரம் தள்ளிப்போகும். ஒரு விழுக்காட்டை எட்டினால் கலவை இறுகாமலேயே போகக்கூடும்.

மேலே விளக்கிய கொள்கைக்கும் இது துணை நிற்கிறது. சர்க்கரை மூலக்கூறுகள் புதிதாகத் தோன்றும் ஹைட்ரேட் கருக்களின் பரப்பில் ஒட்டிக்கொண்டு அவற்றை வளரவிடாமல் செய்கின்றன. வளரும் பரப்பு இல்லாததால் ஓய்வுக் காலம் நீண்டுகொண்டே போகிறது. ரெடிமிக்ஸ் கான்கிரீட் நெடுந்தூரம் செல்ல வேண்டியிருக்கும்போது சோடியம் குளுக்கோனேட் போன்ற பொருள்களை அளந்து சேர்ப்பது இந்த விளைவைப் பயன்படுத்தித்தான். அங்கே அளவு ஆய்வகத்தில் சோதித்து முடிவு செய்யப்படுகிறது.

சுண்ணாம்புப்பாறை:

ஆசிரியர் கேட்ட சோதனைக்கு வருகிறேன். கலப்புச் சிமெண்டில் வெப்ப உயர்வு குறைவாக இருக்கும் என்பதால், சாதாரண போர்ட்லண்ட் சிமெண்டே வாங்குங்கள். புதிய மூட்டையாக இருப்பது நல்லது. கட்டி தட்டிய சிமெண்டில் துகள்களின் பரப்பு காற்றின் ஈரத்தோடு முன்பே வினைபுரிந்திருக்கும்.

இரண்டு பிளாஸ்டிக் கோப்பைகளில் தலா 500 கிராம் சிமெண்டும் 200 மில்லிலிட்டர் நீரும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் மட்டும் நீரில் அரை கிராம் சர்க்கரையைக் கரைத்துவிடுங்கள். குழைத்த பின் ஒவ்வொன்றின் நடுவிலும், சிறிது எண்ணெய் ஊற்றிய சோதனைக் குழாயைச் செருகி, அதற்குள் வெப்பமானியை வையுங்கள். இல்லையேல் வெப்பமானி கல்லுக்குள் மாட்டிக்கொள்ளும். கோப்பைகளைத் தெர்மோகோல் பெட்டிகளில் வைத்து மூடி, அரை மணிக்கு ஒருமுறை வெப்பநிலையைக் குறித்து வரைபடம் போடச் சொல்லுங்கள். காலை முதல் வகுப்பில் தொடங்கினால், சர்க்கரை சேராத கோப்பையில் முதலில் சமதளமும் பின்னர் ஏற்றமும் மாலைக்குள் தெரிந்துவிடும். மற்றது அப்போதும் ஓய்ந்தே இருக்கும். உலர்வதால் இறுகுகிறது என்று நம்பும் மாணவர்களுக்காக மூன்றாவது கலவையொன்றைச் சிறு டப்பாவில் அடைத்து, வாளி நீரில் மூழ்கவைத்து, மறுநாள் எடுத்துத் தட்டிப் பார்க்கச் செய்யுங்கள்.

கரைதல் எவ்வளவு விரைவானது என்பதைக் காட்ட, ஒரு தேக்கரண்டி சிமெண்டை நீரில் இட்டுக் கலக்கி, உடனே வடிகட்டி, வடிநீரில் ஃபீனால்ப்தலீன் இரண்டு சொட்டு விடுங்கள்; இளஞ்சிவப்பு நிறம் அந்தக் கணமே தோன்றும். அந்த வடிநீர் வலிமையான காரம் என்பதால், மாணவர்கள் கையுறையும் கண் காப்பும் அணிந்திருப்பது கட்டாயம். தோலில் பட்டால் வலி தெரிவதற்கு முன்பே புண்ணாகத் தொடங்கிவிடும். உடனே நிறைய நீர் விட்டுக் கழுவச் செய்யுங்கள்.